வெயிலில் கிடந்த கட்டை

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் மலை தெரியவில்லை. மூடுபனி விலக நேரமாயிற்று. செண்பகம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு கோமதி வற்றல் போட வெயில் வருமா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் என் மனைவி கோமதியும் கோவில்பட்டியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. செண்பகம் இங்கே நர்ஸ். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், செரோக்கி மக்கள் வாழும் மலைப்பகுதி. பக்கத்து வீட்டு நெல்டா செரோக்கிப் பெண். அறுபது வயதிருக்கும். மரம் செதுக்குவதுதான் தொழில். கிண்ணம், கரண்டி, கரடி, முகமூடி எல்லாம் செய்வார். கடையில் மரம் வாங்குவதில்லை. புயலில் சாய்ந்ததையும் ஓடையில் ஒதுங்கியதையும்தான் எடுப்பார். சாயத்துக்கு வால்நட் காயின் மேல்தோலைக் கொதிக்க வைப்பார். அந்த வாடை எங்கள் சமையலறை வரை வரும். இப்போது வகுப்பு எடுக்க வெளியூர் போயிருக்கிறார்.

இன்று அவருடைய தம்பி ராய் லாரி போன்ற ஒரு வண்டியில் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கை என்ற மரம். இரண்டரை அடி நீளம், நல்ல பருமன், பால் நிறம். அறுத்த இரண்டு முனையிலும், அந்த வெட்டுவாய்களில், உருக்கிய மெழுகைப் பூசினார். ஓடைக்கரை நிழலில் பள்ளம் பறித்து, கட்டையைப் பட்டையோடு இறக்கி, ஈர இலையைக் குவித்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டார். நான் வேலியருகே நின்று பார்த்தேன். என்னைக் கண்டதும் வந்து, சட்டைப்பையிலிருந்து வழவழப்பான பழுப்புக் கொட்டை ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். அந்த மரத்தின் கொட்டை. முழங்காலைத் தட்டிக் காட்டினார், மூட்டுவலிக்கு நல்லதாம். பிறகு இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டுக் கட்டையைக் காட்டினார். பார்த்துக்கொள் என்கிறார். ஓகே என்றேன்.

சாயங்காலம் செண்பகம் விவரம் சொன்னாள். (இங்கே யார் பேசியதையும் அவள் எனக்குச் சொல்வது போலத்தான் எழுதுகிறேன். ஆகவே எல்லாரும் எங்கள் ஊர்ப் பேச்சே பேசுவார்கள்.) அது அவர்களுடைய அம்மா வீட்டு வாசலில் நின்ற மரம். போன மாதப் புயலில் விழுந்துவிட்டது. அம்மா இறந்ததிலிருந்து அந்த வீடு யாருக்கு என்ற தகராறில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மரம் விழுந்த அன்றுதான் பேசினார்களாம். மரத்தில் நல்ல பாகம் இந்த ஒரு கட்டைதான். அதை நடுவே பிளந்தால் இரண்டு கிண்ணம் வரும். ஆளுக்கு ஒன்று.

"பல வருஷத்துல அவுக ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் இதுதாம்ப்பா," என்றாள்.

அதெல்லாம் சரி. வெள்ளை மென்மரத்தை ஈரத்தில் புதைத்து வைப்பார்களா? முப்பது வருடம் தீக்குச்சிக் கம்பெனியில் குச்சி காயவைக்கும் களத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். இந்த மாதிரி மரத்தில் ஒரு ராத்திரி ஈரம் தங்கினால் நீலப் பூசணம் பாய்ந்துவிடும். பட்டைக்குள் வண்டு இறங்கும்.

நம் மரம் இல்லை. நமக்கென்ன.

செப்டம்பர் 11, வியாழன்

அருமையான வெயில். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு வெயில் பார்க்கவில்லை. கோமதி கூழ்வற்றல் பிழிந்தாள். நான் பின்பக்கம் கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன்.

முதுகு வலி. பூந்தொட்டிகளை நகர்த்தியதில் பிடித்திருக்கலாம். கோமதி தைலம் தேய்க்கும்போது என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நகத்துல என்ன, மெழுகா? கரண்டு போகாத ஊர்ல மெழுகுவத்தியோட என்ன செஞ்சீக?"

செண்பகத்தின் அலமாரியைச் சுத்தம் செய்தேன் என்றேன்.

கோமதியின் கொத்தமல்லித் தொட்டிகளுக்கு அடியில் வைக்க நல்ல மரப்பட்டை கிடைத்தது. தண்ணீர் தேங்காது.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் வெயில். ஈரம் வேகமாக இறங்குகிறது. உதவி செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓடைப்பக்கம் ஓடு உடைந்த மாதிரி ஒரு சத்தம்.

"யாரு வெடி போடுறா?" என்றாள் கோமதி.

"அணிலா இருக்கும்மா, காயைத் தள்ளிவிடும்," என்றாள் செண்பகம்.

நான் ரசம் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சாப்பாட்டிலிருந்து எழக்கூடாது.

செப்டம்பர் 15, திங்கள்

மழைத்தூறல். குடை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். கட்டையின் நடுநெஞ்சிலிருந்து ஓரம் வரை மூன்று வெடிப்பு. ஒன்றில் சுண்டுவிரல் நுழைகிறது. மறுமுனை வரை ஓடியிருக்கிறது.

மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும். அவ்வளவு நல்ல மரம் இல்லை போலிருக்கிறது.

பள்ளத்துக்கே திரும்ப உருட்டி இலையைப் போட்டு மூடிவிடலாமா என்று தோன்றியது. மூடினால், மூடியவன் யார் என்ற கேள்வி வரும். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் களத்துக்கு மரம் வராது. சுருளாக உரித்துக் குச்சியாக வெட்டிய பிறகு வருவதுதான் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் கட்டையை என்ன செய்து வைத்திருந்தார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. கம்பெனியின் பின்பக்கம் ஒரு தண்ணீர்த்தொட்டி இருந்தது. அதில் கட்டைகள் மிதக்கும். ஏன் மிதக்கின்றன என்று இன்று யோசித்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நெல்டா ஊரிலிருந்து வந்துவிட்டார். கோமதியைப் பார்த்துக் கை அசைத்தார். பிறகு ஓடைப்பக்கம் போனார். நான் உள்ளே வந்து டிவியைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ராயின் வண்டி வந்தது. செண்பகம் வேலையில் இருந்ததால் என்ன பேசினார்கள் என்று முழுதும் புரியவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நெல்டா கத்தவில்லை. வெட்டுவாயைக் காலால் தட்டிக் காட்டினார். ராய் பள்ளத்தைக் காட்டினார், இலையைக் காட்டினார், கையால் பூசுகிற மாதிரி செய்து காட்டினார். நெல்டா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ராய் எங்கள் வீட்டுப் பக்கம் கையை நீட்டினார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

"அக்காவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாரு," என்றாள் கோமதி. "அதான் மரியாதை இல்லாம சண்டை வருது."

செப்டம்பர் 21, ஞாயிறு

நெல்டா செண்பகத்திடம் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய பட்டறையில் மேசைமேல் கட்டை கிடந்தது. சுவரோரம் செதுக்கிய கிண்ணங்களைக் காகிதப் பைகளில், அவற்றிலிருந்து விழுந்த சீவலுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார். மெதுவாகக் காய வேண்டுமாம்.

செண்பகம் என்னைப் பற்றிச் சொன்னாள்: "எங்கப்பா முப்பது வருஷம் மரத்துலயே இருந்தவரு."

நான் திருத்தவில்லை.

நெல்டா கேட்டதை செண்பகம் சொன்னாள்: "அப்பா, நீங்க வெளியாளு, ஒரு பக்கமும் சாயாம சொல்லுவீகளாம். இது ஏன் வெடிச்சுதுன்னு பாத்துச் சொல்லணுமாம். அவுக தம்பி எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்னு சாதிக்காராம். சின்ன வயசுலேருந்து அரைகுறையா ஒரு வேலையைச் செஞ்சுட்டு முழுசாச் செஞ்சேன்னு சொல்லுற ஆளாம்."

நான் குனிந்து பார்த்தேன். வெடிப்பில் விரலை வைத்தேன். பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"வெட்டுவாயில மெழுகு இல்லாம, பட்டையை உரிச்சு, வெயில்ல போட்டிருக்கு," என்றேன். "வெளிப்பக்கம் சுருங்குது, உள்ள ஈரம் இருக்கு. வெடிக்காம என்ன செய்யும்?"

சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை.

நெல்டா கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நெனச்சதுதான்," என்றார். எனக்கு நன்றி சொன்னார். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வரும் வழியில் செண்பகம், "உங்க பேச்சைத்தான் முடிவா எடுத்துக்கிட்டாகப்பா," என்று பெருமையாகச் சொன்னாள்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

நெல்டா வந்தார். கோமதிக்கு ஒரு கரண்டி கொடுத்தார். நீளக் காம்பு, ஆழமான குழி, தேன்மெழுகு தேய்த்தது. வெடித்த கட்டையின் ஓரத்திலிருந்து எடுத்ததாம். வீணாகக் கூடாது என்றார்.

கோமதி அதிலேயே ரசம் ஊற்றினாள். "எவ்வளவு லேசு பாருங்க. கையில இருக்கதே தெரியல."

எனக்குக் கனமாகத் தெரிந்தது. எவர்சில்வர் கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 27, சனி

செண்பகத்தோடு பெட்ரோல் பங்கு கடைக்குப் போனேன். காப்பி மெஷின் அருகே ராய் நின்றிருந்தார். நான் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே வந்தார். "சியோ," என்றார், அவர்கள் பாஷையில் வணக்கம். என் முழங்காலைக் காட்டி, தேவலையா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டியில் செண்பகம் சொன்னாள்: "பாவம்ப்பா அவரு. அம்மா வீட்டுச் சாவியைத் திருப்பிக் குடுத்துருன்னு நெல்டா சொல்லிட்டாகளாம். அம்மா மரத்தையே பாக்கத் தெரியாதவனுக்கு அம்மா வீடு எதுக்குன்னு கேட்டாகளாம்."

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன். குளிராக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

அந்தக் கொட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் துவைத்த சட்டையின் பைக்குள் இருக்கிறது. மூட்டுவலிக்கு ஆகும் என்று கோமதி எடுத்து வைத்தாளாம்.

அக்டோபர் 2, வியாழன்

பத்தாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறோம். டிக்கெட் சரிபார்த்தாயிற்று. போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று காலையில் நினைத்தேன். மத்தியானம் அப்படித் தோன்றவில்லை. நான் இங்கே இல்லாமல் போனாலும் நான் சொன்னது இங்கேயே இருக்கும்.

கோமதி கொத்தமல்லித் தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்தினாள். அடியிலிருந்த பட்டைகளை எடுத்துத் தட்டி, திரும்ப அதே இடத்தில் அடுக்கினாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன்.

"இது அந்தக் கட்டையோட பட்டைதான?" என்றாள், என்னைப் பார்க்காமலே.

நான் தொட்டியில் ஒரு இலையைக் கிள்ளினேன்.

"அன்னைக்கே தெரியும். மெழுகு நகத்துல, முதுகுல பிடிப்பு, கட்டை வெயில்ல கிடக்கு. நான் என்ன கண் தெரியாதவளா?"

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்வீகன்னு பாத்தேன். இன்னைக்குச் சொல்வீக, நாளைக்குச் சொல்வீகன்னு. பொறவு அந்தம்மா கரண்டி கொண்டாந்து குடுத்துச்சு. அதுக்கப்புறம் எனக்கே கேக்க வாய் வரல. அந்தக் கரண்டில ரசம் ஊத்தும்போதெல்லாம், திருடின வீட்டுலயே விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு."

நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன்.

"செஞ்சது நல்லதுக்குத்தான். சொல்லாதது எதுக்கு?"

உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 4, சனி

எழுதி வைக்கிறேன். பதினோராம் தேதி காலை, செண்பகம் வேலைக்குப் போன பிறகு, நான்தான் அந்தக் கட்டையைப் பள்ளத்திலிருந்து எடுத்தேன். வேலிக்கழியை நெம்புகோலாக வைத்து உருட்டினேன். வெட்டுவாய் மெழுகைக் கத்தியால் சுரண்டினேன். பட்டையை உரித்தேன். வெயில் விழும் இடத்தில் நிறுத்தினேன். பார்த்துக்கொள்கிறேன் என்று ஓகே சொன்னவன் நான். ஈரத்தில் கெட்டுப்போகும் என்று உண்மையாகவே நம்பினேன். அதோடு, நெல்டா வந்து பார்த்து, யார் இப்படிப் பக்குவமாகக் காயவைத்தது என்று கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

இன்று செண்பகத்துக்கு விடுமுறை. நெல்டாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கூட வா என்றேன். என்ன என்று கேட்டாள். அங்கே சொல்கிறேன் என்றேன்.

நெல்டா ஒரு கரடியின் காதைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன்.

"கட்டையை வெயில்ல போட்டது ராய் இல்லை. நான்."

செண்பகம் நெல்டாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "என்னப்பா சொல்றீக?"

"சொன்னதைச் சொல்லு."

"அன்னைக்கு நீங்கதான வந்து பாத்து... நாந்தான அதை அவுககிட்டச் சொன்னேன்." என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "என் வாயால சொல்ல வச்சீகளே."

"இதையும் உன் வாயாலதான் சொல்லணும். எனக்கு அவுக பாஷை இல்லையே."

அவள் சொன்னாள். நெடுநேரம் சொன்னாள். நான் சொன்னதை விட அதிகமாகவே சொன்னாள் என்று நினைக்கிறேன். மெழுகு, பட்டை, கொத்தமல்லித் தொட்டி, எல்லாவற்றுக்கும் என்னைத் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டாள். கடைசியாக, நான் மரக்காரன் இல்லை, தீக்குச்சி காயவைத்தவன் என்பதையும் சொல்லச் சொன்னேன்.

நெல்டா கத்தியை வைத்தார். மடியிலிருந்த சீவலைத் தட்டினார். அவர் பேசியதை செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ராய் அன்னைக்கே சொல்லியிருக்காரு. உங்க வீட்டுத் தொட்டிக்கு அடியில அம்மா மரத்துப் பட்டை கிடக்குன்னு. விருந்தாளி மேல பழி போடுறியான்னு நெல்டா கேட்டாகளாம். வந்து பாருன்னாராம். பாக்க மாட்டேன்னாகளாம். பொறவுதான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாகளாம்."

ராய் பெட்ரோல் பங்கில் என் முழங்காலை விசாரித்தது நினைவுக்கு வந்தது. அப்போதே அவருக்கு எல்லாம் தெரியும்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லு என்றேன். சொன்னாள். நெல்டா எழுந்தார். சுவர் ஆணியிலிருந்து வண்டிச்சாவியை எடுத்தார்.

"நீங்க சொல்ல வேண்டியதை வந்து சொல்லிட்டீகளாம்," என்றாள் செண்பகம். "அவுக தம்பிகிட்ட அவுக சொன்னதை அவுகதான் போய்த் திரும்ப வாங்கணுமாம். அதுக்கு நீங்க கூட வர வேண்டாமாம்."

வண்டி போன பிறகும் பட்டறை வாசலிலேயே நின்றோம். செண்பகம் என் கையைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் நடந்து வந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று முழுக்கப் பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. இன்று காலையில் ராயின் வண்டி எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. நெல்டா முன்னால் உட்கார்ந்திருந்தார். ராய் இறங்கி, என்னைக் கைகாட்டி, வண்டியைக் காட்டினார். செண்பகம் வேலையில் இருக்கிறாளே என்று தயங்கினேன்.

"கூப்பிடுறாகல்ல, போங்க," என்றாள் கோமதி. பட்டைகளை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

அவர்களுடைய அம்மா வீடு மலைச்சரிவில் இருக்கிறது. தகரக் கூரை. வாசலில் பெரிய குழி. வேர் பெயர்ந்த இடம். மரத்தின் அடிக்கட்டை சரிவுக்குக் கீழே ஓடைச்சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. முறுக்கலும் கணுவுமாக, வேர் பிரியும் இடம். யாரும் வேண்டாம் என்று விட்டது. நான் பையிலிருந்த பட்டையை எடுத்துக் கொடுத்தேன். ராய் வாங்கிப் பார்த்து, அந்தக் குழிக்குள் போட்டார்.

பிறகு அடிக்கட்டையின் இரண்டு முனையையும் பார்த்தார். வேர்ப்பக்கம் பருத்துச் சேற்றில் ஊறிக் கிடந்தது. அந்த முனையை எனக்குக் காட்டிவிட்டு, மெலிந்த முனைக்கு அவர் போனார். நெல்டா நடுவில் கயிறு போட்டார்.

சறுக்கிச் சறுக்கி மேலே கொண்டுவந்தோம். ஒருமுறை என் கால் சேற்றில் புதைந்துவிட்டது. ராய் காத்திருந்தார். வந்து தூக்கிவிடவில்லை, கீழே போடவும் இல்லை.

வண்டியில் ஏற்றியதும் மெழுகுப் பாத்திரத்தையும் பிரஷ்ஷையும் என்னிடம் கொடுத்தார். வெட்டுவாயில் பூசினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை வாங்கி நான் பூசியதன் மேலேயே இன்னொரு முறை பூசினார். நெல்டா எதையோ சொன்னார். ராய் பதிலுக்கு எதையோ சொன்னார். வழி முழுக்க இரண்டு பேரும் விடாமல் வாதாடிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டு வாசலில் செண்பகம் வேலை முடிந்து வந்து நின்றிருந்தாள். என்ன சண்டை என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

"இந்தக் கட்டையில ஒரு கிண்ணம்தான் வருமாம்ப்பா. அதுவும் கோணலாத்தான் வருமாம். யாரு வீட்டுல இருக்கதுன்னு சண்டை. ஆறு மாசம் உன் வீடு, ஆறு மாசம் என் வீடுன்னு அவரு சொல்றாரு. நீ கழுவாமக் குடுப்பேன்னு அவுக சொல்றாக. சரி, அப்ப அம்மா வீட்டுலயே இருக்கட்டும், சாவியைக் குடுன்னு கேக்காரு."

"சாவியைக் குடுத்தாகளா?"

"யோசிக்காக."

அக்டோபர் 7, செவ்வாய்

முதுகு வலி. கட்டை தூக்கியதில் பிடித்தது. கோமதி தைலம் தேய்த்தாள், எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் ரசத்துக்கு அந்த மரக்கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.